ஒரே போட்டோ, மூணு எக்ஸ்எம்பி

வணக்கம் சார். லைட்ரூம்ங்கிற போட்டோ மென்பொருள்ல இருந்து வெளிய வந்துடலாம்னு ஒரு ரா ஃபைலை (கேமரா பதிவு பண்ண மூல ஃபைல்) லைட்ரூம், அப்புறம் இலவச மென்பொருள்களான டார்க்டேபிள், டிஜிகேம் மூணுலயும் திறந்து, ஒரே மாதிரி மூணு ஸ்டார், ஒரே கீவேர்டு, சிவப்பு லேபிள் குடுத்தேன். இந்த விவரமெல்லாம் எழுதி வெக்கற எக்ஸ்எம்பி ஃபைல்களை கம்பேர் பண்ணா கிட்டத்தட்ட எல்லா வரியுமே வித்தியாசம்னு காட்டுது. ஒண்ணு எழுதினதை இன்னொண்ணு படிக்குமா, படிக்காதா?

அன்புள்ள நண்பருக்கு,

படிக்கும், ஆனா எல்லாத்தையும் இல்ல. அந்த வித்தியாசத்துல பாதிக்கு மேல வெத்து மிரட்டல். எக்ஸ்எம்பி உள்ள இருக்கறது ஆர்டிஎஃப்ங்கிற முறைல எழுதின எக்ஸ்எம்எல் டெக்ஸ்ட், அதுல அதே மூணு ஸ்டாரை ஒரு டேக்குக்குள்ள பண்பாவும் (ஆட்ரிப்யூட்) எழுதலாம், தனி டேக்காவும் எழுதலாம், ரெண்டும் சரி. கீவேர்டு லிஸ்ட்டுக்கு வரிசைனு ஒண்ணு கிடையாது, எது முன்னாடி வந்தாலும் அர்த்தம் மாறாது, சேவ் பண்ண நேரம் வேற தனியா ஒரு வரில உக்காந்திருக்கும். அதனால ஃபைலை அப்படியே கம்பேர் பண்ணாதீங்க, எக்ஸிஃப்டூல்ங்கிற, படத் தகவலைப் படிக்கற இலவச மென்பொருள்ல குடுத்து ஃபீல்டு பேரும் மதிப்புமா டெக்ஸ்ட்டா எடுத்து, அகரவரிசைல அடுக்கிட்டு அப்புறம் பாருங்க.

அதுக்கப்புறமும் மிஞ்சி நிக்கறதுதான் நிஜ வித்தியாசம். லேபிளையே எடுத்துக்கோங்க. லைட்ரூம் சிவப்புங்கறத வார்த்தையா எழுதும், அதுவும் நீங்க எந்த லேபிள் செட் வெச்சிருக்கீங்களோ அந்த வார்த்தை. டார்க்டேபிள் தன்னோட ஃபீல்டுல 0னு எழுதும், டிஜிகேம் தன்னோடதுல 1னு எழுதும். மூணுமே சிவப்புதான்! உள்ளடுக்கு கீவேர்டும் இப்படித்தான், பறவை, நீர்ப்பறவை, கொக்குனு போனா லைட்ரூம் நடுவுல செங்குத்துக் கோடு (|) போடும், டிஜிகேம் தன் சொந்த ஃபீல்டுல சாய்கோடு (/) போடும். ஆனா டிஜிகேம் கொஞ்சம் நல்ல பிள்ளை, மத்தவங்களுக்கும் புரியட்டும்னு அதே கீவேர்டை நாலஞ்சு இடத்துல எழுதி வைக்கும், செங்குத்துக் கோடு போட்டதும் அதுல ஒண்ணு. ஸ்டாரும் அப்படித்தான், மைக்ரோசாஃப்ட் ஃபீல்டுல 50னு பாத்தா பதறாதீங்க, அந்தக் கணக்குல மூணு ஸ்டார்னா 50, அஞ்சு ஸ்டார்னா 99 (ஏன் 100 இல்லனு என்னைக் கேக்காதீங்க).

எடிட்டிங் கதை வேற. லைட்ரூம் ஸ்லைடர் எண்களை படிக்கற மாதிரி எழுதும், டார்க்டேபிள் ஒவ்வொரு மாடியூலோட (எடிட் கருவி) செட்டிங்கையும் படிக்க முடியாத ஒரு எழுத்துச் சரமா வைக்கும். முதல்முறை இம்போர்ட் பண்றப்போ லைட்ரூம் ஃபைல்ல இருந்து ஸ்டார், கீவேர்டு, லேபிள், க்ராப், எக்ஸ்போஷர் மாதிரி சிலதை டார்க்டேபிள் எடுத்துக்கும், ஆனா அதே கலர் வரும்னு நம்பிடாதீங்க. முக்கியமான படங்களை எடிட்டோட டிஃப் (TIFF) பட ஃபைலா எடுத்து வெச்சுக்கறதுதான் புத்திசாலித்தனம்.

ஃபைல் பேரையும் கவனிங்க. லைட்ரூம் கேனான் ரா ஃபைலோட சிஆர்2ங்கிற எக்ஸ்டென்ஷனை எடுத்துட்டு எக்ஸ்எம்பினு போடும், டார்க்டேபிள் சிஆர்2வை விட்டுட்டு அதுக்குப் பின்னாடி சேக்கும். டிஜிகேமும் சும்மா விட்டா பின்னாடிதான் சேக்கும், லைட்ரூம் மாதிரி வேணும்னா செட்டிங்ல மாத்தணும். ஜேபெக்குக்கு லைட்ரூம் தனி ஃபைலே போடாது, படத்துக்குள்ளயே எழுதிடும். அது தெரியாம எக்ஸ்எம்பி காணோம்னு நான் ஒரு சாயங்காலம் பூரா தேடிருக்கேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி லைட்ரூம்ல எல்லா படத்தையும் செலக்ட் பண்ணி கண்ட்ரோல் எஸ் அடிச்சீங்களா? நீங்க செட்டிங்ல மாத்தலனா எல்லாம் லைட்ரூமோட சொந்த டேட்டாபேஸான கேட்டலாக்குக்குள்ளதான் இருக்கும், எக்ஸ்எம்பிக்கு வராது. கலெக்‌ஷனும் விர்ச்சுவல் காப்பியும் (அதே படத்துக்கு லைட்ரூமுக்குள்ள மட்டும் இருக்கற இன்னொரு எடிட்) கண்ட்ரோல் எஸ் அடிச்சாலும் வராது, அதனால கலெக்‌ஷன் பேரையெல்லாம் முதல்ல கீவேர்டா மாத்திட்டு அப்புறம் அடிங்க.