சீனக் குடும்பத்துப் பிள்ளைங்க ஏன் மத்தவங்க மாதிரியே இருக்கணும்னு தவிக்கிறாங்க?

அமெரிக்காவுல வளர்ற சீனப் பிள்ளைங்க ஏன் வீட்டு மொழி, சாப்பாட்டையெல்லாம் ஸ்கூல்ல மறைக்கப் பாக்குறாங்கன்னு கேட்டிருக்கீங்க. இது அந்தப் பிள்ளைங்களோட குறையே இல்ல. 1882ல சட்டம் போட்டே சீனத் தொழிலாளிங்க உள்ள வரக்கூடாதுன்னு தடுத்த நாடு அது, 1943ல தான் அத எடுத்தாங்க, அப்பவும் வருஷத்துக்கு வெறும் 105 பேருக்குத்தான் அனுமதி, 1965ல வந்த குடியேற்றச் சட்டத்துக்கு அப்புறம் தான் குடும்பம் குடும்பமா நிறைய பேர் வர முடிஞ்சுது. அதனால சீன முகம்னாலே வெளியூர்க்காரங்கன்னு ஒரு நெனப்பு, அங்க பொறந்த பிள்ளையப் பாத்தும் "நெஜமா நீ எந்த ஊரு"ன்னு இன்னிக்கும் கேக்குறாங்க. இதையே கேட்டுட்டிருந்தா எந்தக் கொழந்தைக்குத்தான் எல்லாரையும் மாதிரி ஆயிடணும்னு தோணாது? டிபன் பாக்ஸ்ல டம்ப்ளிங் (சீனக் கொழுக்கட்டை மாதிரி) வேணாம் சாண்ட்விச் குடுன்னு அடம், அம்மா மாண்டரின்ல, அதாவது சீன மொழில, பேசினா இங்கிலீஷ்ல பதில், சனிக்கிழமை சீன மொழி கிளாஸ்னா அழுகை.

எனக்கு ரொம்ப வலிக்கிறது வேற. அதே பிள்ளைதான் பேங்க்லயும் டாக்டர்கிட்டயும் அப்பா அம்மாவுக்காகப் பேசும், அங்க பெரிய மனுஷன், ஸ்கூல்ல அந்நியன்.

ஆனா ஊரப் பொறுத்து மாறும். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் மான்ட்டெரி பார்க்ல பெரும்பான்மையே ஆசியர்கள்தான், அங்க இந்த அழுத்தம் கொறைவு. சுத்தி வெள்ளக்காரங்க மட்டுமே இருக்கற சின்ன ஊர்ல தனியா மாட்டுற பிள்ளைக்குத்தான் கஷ்டம் ஜாஸ்தி, அவங்கள்ல சில பேரு காலேஜ்ல தன்ன மாதிரி நாலு பேரப் பாத்தப்புறம் தானாவே மாண்டரின் கிளாஸ்ல போய்ச் சேர்றாங்க.