உணவு ஆராய்ச்சிக்கு கம்பெனிகளே பணம் கொடுக்கும்போது எதைத்தான் நம்புவது?

'சாக்லேட் இதயத்துக்கு நல்லது, ஆய்வு சொல்கிறது' என்ற வாட்ஸப் செய்தியைக் கேள்வியோடு போட்டு, கம்பெனிக் காசில் நடந்த ஆராய்ச்சியை எல்லாம் குப்பையில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போட வேண்டாம், படிக்கும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். சென்னையில் ஒரு கல்லூரியில் ஊட்டச்சத்துப் பாடம் எடுக்கிறேன். கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி யார் பணம் என்று பார், அப்புறம் எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார், முடிவுரைக்கு ஒன்றும் அவசரமில்லை என்றுதான் என் மாணவிகளிடம் சொல்வேன்.

ஒப்பீட்டில்தான் விஷயமே இருக்கிறது. எண்களைத் திருத்துவது எப்போதாவது நடக்கிற மோசடி. பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை. பாலில் கலக்கும் பொடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் அதைப் பாலில் கலந்து கொடுத்து, பக்கத்து வகுப்புக்கு ஒன்றுமே கொடுக்காமல் விட்டால், சில மாதங்களில் முதல் வகுப்பு எடை கூடத்தான் செய்யும். கூடியது பாலாலா, பொடியாலா? வெறும் பால் குடித்த மூன்றாவது வகுப்பு ஒன்று இருந்தால்தான் தெரியும். பணம் போடுகிறவருக்கு அந்த மூன்றாவது வகுப்பு எதற்கு? அளவெடுத்தது சரி, கணக்கும் சரி. டப்பாவில் நட்சத்திரக் குறி போட்டு 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று அச்சடித்துவிடலாம்.

சாக்லேட்டுக்கு வருவோம். சாக்லேட் தயாரிக்கும் மார்ஸ் கம்பெனியின் பணமும் சேர்ந்து நடந்த காஸ்மாஸ் ஆய்வு 2022-ல் வெளியானது. இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், ஒரு பாதிக்கு கோகோ சத்து மாத்திரை, மறுபாதிக்கு அந்தச் சத்து இல்லாத, ஒப்பீட்டுக்கான வெற்று மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்த முக்கியக் கணக்கில் உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். இதய நோய் மரணங்கள் மட்டும் குறைந்திருந்தன. அது கூடவே பார்த்த துணைக் கணக்கு, அதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. கம்பெனிக் காசு கலந்தும் ஒழுங்காக நடந்த ஆய்வுதான். ஆனால் அது மாத்திரை ஐயா, கடையில் விற்கும் சாக்லேட் இல்லை!

இன்னொரு பக்கம், ஆளைத் தேர்ந்தெடுக்கும் வித்தை. 1967-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் மூன்று பேர் எழுதிய கட்டுரை, இதய நோய்க்குக் கொழுப்பைக் கைகாட்டிவிட்டு சர்க்கரையை லேசாகக் கடந்துபோனது. அதற்கு அமெரிக்கச் சர்க்கரைத் தொழில் அமைப்பு 6,500 டாலர் கொடுத்திருந்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. 2016-ல் பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்த பிறகே ஊருக்குத் தெரிந்தது. அந்த மருத்துவ இதழ் கட்டுரையாளர்களிடம் பண விவரம் கேட்கத் தொடங்கியதே 1984-ல்தான். மூவரில் ஒருவரான ஹெக்ஸ்டெட், கொழுப்புதான் காரணம் என்று முன்பே நம்பியவர். காசு வந்து அவர் மனதை மாற்றியது என்று நான் நினைக்கவில்லை. ஏற்கெனவே தலையாட்டிக்கொண்டிருந்தவரைத் தேடிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சர்க்கரையைத் திட்டிக்கொண்டிருந்த லண்டன் பேராசிரியர் ஜான் யுட்கின் வீட்டுக் கதவையா போய்த் தட்டுவார்கள்?

நம் ஊரிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். நட்சத்திர ஹோட்டலில் உணவியல் கருத்தரங்கு நடக்கும். வாசலில் எண்ணெய்க்காரர் ஸ்டால், பிஸ்கட்காரர் ஸ்டால், கையில் ஒரு துணிப்பை. பேச்சாளர் யார் யாரிடம் பணம் பெற்றார் என்ற ஸ்லைடு, கண்ணாடியை மாட்டுவதற்குள் மாறிவிடும். மேடையில் இருப்பவர் பொய் சொல்வதில்லை, பல பேர் என் மரியாதைக்குரியவர்கள். ஆனால் விருந்து கொடுப்பவருக்குப் பிடிக்காத தலைப்பு நிகழ்ச்சி நிரலிலேயே இருக்காது.

இங்கே ஒரு கம்பெனி மட்டும் ஸ்டால் போட முடியாது: குழந்தைப் பால்மாவு கம்பெனி. தாய்ப்பால் மாற்று உணவுகள் பற்றிய 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-ல் வந்த திருத்தமும் மருத்துவப் பணியாளர்களின் கருத்தரங்கு, ஆராய்ச்சி, உதவித்தொகை எதற்கும் அவர்கள் பணம் கொடுக்கக் கூடாது என்கின்றன. இவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்த சட்டம், குழந்தை உணவோடு நின்றுவிட்டது. அதை பிஸ்கட்டுக்கும் எண்ணெய்க்கும் நீட்டினால் பாதி கருத்தரங்குகளில் மதிய விருந்து காணாமல் போகும். கல்லூரி கேன்டீன் தயிர்சாதத்தோடு நடத்திக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை.