பழைய கணினியும் விண்டோஸ் 11-உம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள், நின்றுவிட்டது. விண்டோஸ் 11-ஓ பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. அதன்பின் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கணினி பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள், இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: சார், என்னுடையது ஐ7-7700, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. வீடியோ எடிட்டிங்கே தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. இதைப் போய் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்கிறார்களே, என்ன நியாயம்?

பதில்: உங்களுக்கு வரும் அதே கோபம் எனக்கும் வருகிறது. வேகத்தைப் பார்த்து மைக்ரோசாஃப்ட் கோடு போடவில்லை. இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை, கூடவே டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் கொண்டு கணினியைக் கிளப்பும் வசதி). இதுதான் கோடு. உங்கள் ஐ7-க்குப் பக்கத்தில் நிற்கமுடியாத செலரான் என்4020 மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்கிறது, 7-ஆம் தலைமுறையான உங்களுடையது இல்லை.

மைக்ரோசாஃப்ட் சொல்லும் காரணம் பாதுகாப்பு. அதில் உண்மையும் உண்டு. டிபிஎம் என்பது ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் சில்லு. மெமரி இன்டெக்ரிட்டி என்ற வசதி, கெட்ட டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்) விண்டோஸின் அடிமட்டத்துக்குள் நுழையாமல் தடுக்கும். பழைய பிராசஸர்களில் இதை மென்பொருளாலேயே செய்யவேண்டியிருப்பதால் கணினி மந்தமாகும். ஆனால் அதை வேகமாகச் செய்யும் வன்பொருள் வசதி இன்டெலின் 7-ஆம் தலைமுறையிலேயே வந்துவிட்டது! போதாக்குறைக்கு, 7-ஆம் தலைமுறையில் விலக்குப் பெற்ற சிலவற்றில் ஐ7-7820ஹெச்க்யூவும் ஒன்று. மைக்ரோசாஃப்டே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-இல் இருப்பது அதுதான். மைக்ரோசாஃப்ட் தான் விற்ற கணினிக்கு ஒரு வழி இருந்தது என்றால் மற்றவர்களுக்கும் இருந்திருக்க வேண்டும். விண்டோஸ் 7-இலிருந்து 10-க்கு வந்தபோது அதே கணினியோடுதான் பெரும்பாலோர் வந்தோம்.

கேள்வி: அண்ணா, எனக்கு 'டிபிஎம் இல்லை' என்று காட்டுகிறது. பிராசஸர் ஐ5-8400. கடைக்காரர் மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்.

பதில்: மாற்றாதீங்க தம்பி. உங்கள் பிராசஸர் பட்டியலில் இருக்கிறது. டிபிஎம் அநேகமாக உள்ளேயே அணைந்து கிடக்கும். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் கணினியைக் கிளப்பும் அடிப்படை மென்பொருளின் அமைப்புகள்) போய் இன்டெல் பிடிடி என்பதை இயக்குங்கள் (ஏஎம்டி-யில் அதன் பெயர் எஃப்டிபிஎம்). பிறகு விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் டிபிஎம் டாட் எம்எஸ்சி (tpm.msc) என்று அடித்தால் 2.0 என்று காட்ட வேண்டும். பயாஸ் 'லெகசி' என்ற பழைய முறையில் இருந்தால் மட்டும் அவசரப்பட்டு யுஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்றிவிடாதீர்கள், விண்டோஸ் கிளம்பாது. முதலில் டிஸ்க்கின் பிரிவு அமைப்பை எம்பிஆர் என்ற பழைய வகையிலிருந்து ஜிபிடி என்ற புதிய வகைக்கு மாற்ற வேண்டும். அதற்கான கருவி விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது. ஆனால் கோப்புகளை வெளியே நகல் எடுக்காமல் அதில் கை வைக்கக்கூடாது.

கேள்வி: ஒரு வருடம் சமாளித்தால் போதும். வழி உண்டா?

பதில்: உண்டு. இஎஸ்யு என்ற நீட்டிப்புத் திட்டத்தில் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். கட்டணம் 30 டாலர் என்று அறிவித்தார்கள், ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைப்புகளை ஒன்ட்ரைவில் பேக்கப் செய்தால் இலவசம். விண்டோஸ் 10-இன் 22ஹெச்2 பதிப்பு இருக்க வேண்டும். அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் பொத்தான் இருக்கும். அலுவலக டொமைனில் (நிறுவனம் நிர்வகிக்கும் நெட்வொர்க்) இணைந்த கணினிகளுக்கு இந்த வழி கிடையாது, அவற்றுக்குத் தனிக் கட்டணம்.

கேள்வி: யூடியூபில் ரூஃபஸ் என்ற கருவியை வைத்து எந்தக் கணினியிலும் விண்டோஸ் 11 போடலாம் என்கிறார்களே?

பதில்: போடலாம், அந்தக் கருவி தகுதிச் சோதனையைத் தாண்ட வைக்கும், ஓடவும் ஓடும். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து கோர் 2 டுவோ காலத்துப் பிராசஸர்களில் மட்டும் கிளம்பவே கிளம்பாது. மாதாந்திரத் திருத்தங்கள் இப்போதைக்கு வருகின்றன. ஆனால் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி கொடுக்கவில்லை, வருடாந்திரப் பதிப்பை நீங்களே கையால் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். விஷயம் தெரிந்தவர் தன் கணினியில் செய்துகொள்ளட்டும். அம்மா, அப்பா கணினியில் இதைப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியூர் போய்விடாதீர்கள்.

கேள்வி: அச்சகம் வைத்திருக்கிறோம். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, பழைய தமிழ் எழுத்துருக்கள், இருபது வருடக் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் கோப்புகள் எல்லாம் அந்த ஒரே கணினியில். விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸைப் போடு என்கிறான் பையன்.

பதில்: ஐயா, அந்தக் கணினியைத் தொடவே வேண்டாம். லினக்ஸில் பேஜ்மேக்கரை நம்பித் தொழில் செய்ய முடியாது. நெட் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையையும் அணைத்துவிடுங்கள். இணையத்தில் இல்லாத கணினிக்கு ஆதரவு நின்றதால் உடனே ஆபத்து ஒன்றும் வராது. வாட்ஸ்அப், மின்னஞ்சல் எல்லாம் வேறு கணினியில். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவை அங்கே ஸ்கேன் செய்த பிறகே இங்கே செருகுங்கள். இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை வேறு: அந்த இருபது வருடக் கோப்புகளை எழுத்துருக்களோடு இரண்டு வெளி டிஸ்க்குகளில் நகல் எடுங்கள். விண்டோஸ் போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், ஹார்ட் டிஸ்க் போனால் அந்தக் கோப்புகள் திரும்ப வராது.

கேள்வி: லேப்டாப்பில் பிரவுசிங், கடிதம் டைப் செய்வது, யூடியூப், அவ்வளவுதான். 4 ஜிபி ரேம்.

பதில்: உங்களுக்குத்தான் லினக்ஸ். லினக்ஸ் மின்ட் என்ற வகையின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்தால் நிறுவுங்கள். தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டு விசைப்பலகைகளும் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகக் கிடைக்கும். லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் வேர்ட் கோப்புகள் திறக்கும், சிக்கலான அட்டவணைகள் மட்டும் கொஞ்சம் நகரும். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி போட்டால் வித்தியாசத்தைக் கண்ணால் பார்ப்பீர்கள்.

கேள்வி: 2017 மேக்புக் ஏர். அங்கேயும் இதே கதைதானா?

பதில்: அதே கதைதான். உங்கள் மாடல் மான்டெரே என்ற மேக்ஓஎஸ் பதிப்போடு நின்றுவிட்டது. 2025-இல் வந்த டஹோ பதிப்புதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. புதிய மேக்ஓஎஸ்ஸைப் பழைய மேக்கில் ஏற்றும் ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்ற கருவி மூலம் இன்னும் கொஞ்சம் மேலே போகலாம்.

கேள்வி: கணக்காளர் வேலை. ஜிஎஸ்டி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், வாடிக்கையாளர்களின் வங்கி விவரம் எல்லாம் உண்டு. புதிது வாங்கப் பணமில்லை, செகண்ட் ஹேண்ட் பார்க்கிறேன்.

பதில்: மேடம், அடுத்தவர் பணமும் விவரமும் கையில் இருப்பதால் உங்களை மட்டும் மாறச் சொல்கிறேன். நிறுவனங்கள் கழித்துவிட்ட 8-ஆம் தலைமுறை லேப்டாப் போதும். மாடல் பெயரை நம்பாதீர்கள். டெல் லேட்டிட்யூட் 5490-இல் 7-ஆம் தலைமுறையும் உண்டு, 8-உம் உண்டு. ஐ5-8350யூ என்பதில் கோட்டுக்குப் பின் வரும் முதல் எண்தான் தலைமுறை. திரையில் விண்டோஸ் 11 ஓடுகிறது என்று காட்டினாலும் அது சான்றல்ல, ரூஃபஸ் வைத்து ஏற்றியதாக இருக்கலாம். தகுதியைச் சோதிக்கும் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக்கைக் கடையிலேயே ஓட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.