முடக்குவாத ஆய்வுக்குப் போகிறேன் என்கிறாள் மகள்: எந்த லேப், எந்த வழி?

பி.எஸ்சி பயோகெமிஸ்ட்ரி இறுதியாண்டு படிக்கும் மகள் முடக்குவாதத்தில் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறாள், டாக்டருக்குப் படிக்காமல் இதில் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் இந்தத் துறையில் கல்லூரியின் பெயரைவிட லேப் எங்கே இருக்கிறது என்பது முக்கியம்.

முடக்குவாதத்தில் மூட்டுகளை அரிப்பவை உடம்பின் சொந்த வெள்ளையணுக்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் செலக்டின் என்ற ஒட்டுப் புரதங்களைத் தொட்டு உருள்கின்றன. கெமோகைன் என்ற அழைப்புப் புரதம் தூண்டியதும், தங்கள் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்ற பிடிப்புப் புரதங்களால் இறுக ஒட்டுகின்றன. பிறகு சுவரைக் கடந்து மூட்டுக்குள் இறங்குகின்றன. இந்தப் பயணத்தை எங்கே மறிப்பது என்பதே கேள்வி. கண்டபடி மறிக்க முடியாது. சொரியாசிஸ் என்ற தோல்நோய்க்காக ஓர் இன்டெக்ரினை மறித்த எஃபாலிசுமாப் என்ற மருந்து, சிலருக்கு மூளையில் உயிர்கொல்லி வைரஸ் நோய் வந்ததால் 2009இல் திரும்பப் பெறப்பட்டது. அணுக்களை நிறுத்தினால் கிருமிகளுக்கு எதிரான காவலும் நின்றுவிடுகிறது. விடை வராத கேள்வி என்பதால்தான் உங்கள் மகளுக்கு இங்கே வேலை இருக்கிறது.

அன்றாட வேலை இப்படி இருக்கும். நோயாளியின் ரத்தத்தை 1.077 அடர்த்தியுள்ள ஃபைகால் என்ற, அணுக்களை அடர்த்தியால் பிரிக்கும் கரைசல்மேல் மெதுவாகப் படரவிட்டு, 400 ஜி (புவியீர்ப்பைப்போல் 400 மடங்கு) விசையில் 30 நிமிடம் சுழற்றுவார்கள். பிரேக் போட்டு நிறுத்தினால் அடுக்குகள் கலங்கிவிடும். அடியில் சிவப்பணுக்களோடு தங்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களைப் பிரித்து, 3 மைக்ரான் துளையுள்ள டிரான்ஸ்வெல் (சோதனைத் தட்டின் குழியை மேல், கீழ் எனப் பிரிக்கும் சிறு கிண்ணம்) சவ்வின் மேல் விட்டு, கீழே இன்டர்லூகின்-8 என்ற கெமோகைனை வைத்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் கழித்துக் கடந்து வந்தவற்றை எண்ணுவார்கள். சொல்ல எளிது. குழாயை வோர்டெக்ஸ் என்ற கலக்கும் கருவியில் குலுக்கினாலே அணு தூண்டப்பட்டு ஒட்டிக்கொள்ளும். கால்சியம், மக்னீசியம் இல்லாத திரவத்தில் இன்டெக்ரின் பிடிக்காது. கெமோகைன் கூடினால் நகர்வும் கூடும் என்று நினைத்து அளவுக்கு மீறி ஊற்றினால் எண்ணிக்கை இறங்கும். சவ்வுக்கடியில் ஒரு காற்றுக்குமிழி இருந்தால் அந்தக் குழியே வீண். மேலும் கீழும் ஒரே அளவு கெமோகைன் வைத்த குழி ஒன்று கட்டாயம் வேண்டும்; இல்லையென்றால் அணு திசை அறிந்து போனதா, வெறுமனே துள்ளியதா என்று சொல்ல முடியாது. நோயாளி ஸ்டீராய்டு எடுக்கிறாரா என்பதையும் குறித்திருக்க வேண்டும், அது ரத்தத்தில் நியூட்ரோஃபில் எண்ணிக்கையையே கூட்டிவிடும்.

நியூட்ரோஃபிலை உறைய வைத்து நாளைக்கு எடுக்க முடியாது. எடுத்த சில மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்கியாக வேண்டும். அதனால் வாதநோய்ப் பிரிவை ஒட்டிய லேப்தான் சரி. வேலூர் சி.எம்.சி, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் மருத்துவரும் நோயாளியும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கைடுக்கு எழுதும்போது மூன்று கேள்வி போதும்: வாரத்துக்கு எத்தனை ரத்த மாதிரி கிடைக்கும், நெறிமுறைக் குழு அனுமதி வாங்கியாகிவிட்டதா, அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணி வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கட்டிடத்துக்குள்ளேயே இருக்கிறதா. அனுமதி இல்லாத புராஜெக்டில் சேர்ந்தால் மாதக்கணக்கில் காத்திருந்தே காலம் போய்விடும்.

எம்.எஸ்சி சேர ஜாம், காட்-பி என்ற நுழைவுத் தேர்வுகள். பிறகு சி.எஸ்.ஐ.ஆர் நெட் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) பெற்றால் மாதம் 37,000 ரூபாய், பின்னர் எஸ்.ஆர்.எஃப் (முதுநிலை) ஆனதும் 42,000. 2023 ஜனவரி முதல் இதுதான் விகிதம். பிஎச்.டிக்கு ஐந்து வருடம் ஒதுக்குங்கள். பயோசிமிலர் (உயிரியல் மருந்துகளுக்கு ஒத்த மருந்து) நிறுவனங்களில், மருந்தின் வீரியத்தை அணுக்களில் சோதிக்கும் பயோஅஸ்ஸே பிரிவுகளிலும் இதே கைவேலைதான் தேவை. நோயாளியைத் தானே பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னால் மட்டும் நீட் பக்கம் திரும்புங்கள்: எம்.பி.பி.எஸ் ஐந்தரை வருடம், எம்.டி மூன்று, அதன்மேல் சிறப்புப் படிப்பான டி.எம் மூன்று.

எந்த வழியானாலும் மனித ரத்தத்தைத் தொடுமுன் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி வேண்டும். 0, 1, 6 என்ற மாதக் கணக்கில் மூன்று ஊசி. சிறுவயதில் போட்டதற்கான அட்டை இல்லையென்றால் இந்த மாதமே முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள்.