கோளைப் பார்க்காமலே, விண்மீனின் அசைவை வைத்து அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கோள் மட்டும் விண்மீனைச் சுற்றுவதில்லை. இரண்டுமே ஒரு பொது ஈர்ப்பு மையத்தைச் சுற்றுகின்றன. வியாழன் இழுக்கிற இழுப்பில் நம் சூரியனே 12 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சிறு வட்டம் போடுகிறது. அதன் ஆரம் சுமார் 7.4 லட்சம் கிலோமீட்டர்.

சரி, 33 ஒளியாண்டு தள்ளி நின்று பார்த்தால் அந்த ஆரம் எவ்வளவு தெரியும்? 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த இரண்டரை சென்டிமீட்டர் நாணயம் அளவுதான்! தரையிலிருந்து பார்த்தால் காற்றின் அசைவே இதை விழுங்கிவிடும். 2013 டிசம்பரில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய கையா என்ற விண்தொலைநோக்கி, இந்த நுணுக்கத்தில் விண்மீன்களின் இடத்தைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அளந்தது.

விண்மீனின் சொந்த நகர்வையும், கையா சூரியனைச் சுற்றுவதால் வரும் தோற்ற நகர்வையும் கழித்தபின் மிஞ்சும் நெளிவுதான் கோளின் தடயம். கோள் கனமாகவும் தள்ளியும் இருந்தால் நெளிவு பெரிது. அதனால் ராட்சதக் கோள்களே முதலில் சிக்குகின்றன. கையா-4பி அப்படிச் சிக்கியதுதான்: வியாழனைப்போல் ஏறக்குறைய 12 மடங்கு நிறை, ஒரு சுற்றுக்கு 571 நாள். இரட்டை விண்மீன்களும் இதே நெளிவைக் காட்டி ஏமாற்றும் என்பதால், தரைத் தொலைநோக்கிகளில் டாப்ளர் முறையில் (விண்மீன் நம்மை நெருங்கும், விலகும் வேகத்தை அதன் ஒளியின் அலைநீள மாற்றத்தை வைத்து அளப்பது) சரிபார்த்த பிறகே உறுதி செய்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, சுற்றுப்பாதையின் சாய்வும் தெரிந்துவிடுவது. டாப்ளர் மட்டும் இருந்தால் சாய்வு தெரியாது, அதனால் குறைந்தபட்ச நிறைதான் கிடைக்கும். இங்கே உண்மையான நிறையே கிடைக்கிறது.