எலிப் பல்லைப் படிக்க ஆசைப்படும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

போன சனிக்கிழமை நீங்களும் அம்மாவும் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்தபோது வெளியே இன்னும் நான்கு குடும்பங்கள் காத்திருந்தன. அவசரமாகப் பேசி அனுப்பிவிட்டேன். கிளம்பும்போது வாசலில் நின்று, "எலிப் பல்லைப் படிச்சு எந்த ஆபீசுக்கு சார் வேலைக்குப் போறது?" என்று கேட்டீர்கள். அதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது நிதானமாக எழுதுகிறேன். மகளிடமும் படிக்கக் கொடுங்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆட்டோ பார்க்கப் போன நேரத்தில் அவள் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் காட்டினாள். உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல் ஒரு வயல் எலியின் கீழ்த்தாடை. உங்கள் மோட்டார் கொட்டகையில், கூகை வந்து உட்காரும் விட்டத்துக்கு நேர் கீழே எடுத்தாளாம். கூகை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அப்படி ஒரு உருண்டையை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்திருக்கிறாள். பஞ்சுக்கு அடியில் மடித்த சீட்டு ஒன்று இருந்தது. தேதி, இடம், சுவரிலிருந்து எத்தனை அடி, தரைமேல் கிடந்ததா மண்ணுக்குள் இருந்ததா என்று எல்லாம் எழுதியிருந்தாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கே, எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரியாத எலும்பை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியாளரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தச் சீட்டைப் பார்த்த பிறகுதான், இது ஏதோ வீடியோ பார்த்து வந்த ஆசை இல்லை என்று எனக்குத் தோன்றியது.

சரி, அவள் படிக்க நினைப்பது என்ன? தென் அமெரிக்காவின் பழைய மண் அடுக்குகளில் கிடைக்கும் எலி வகைகளையும், வளை தோண்டி வாழ்ந்த பாலூட்டிகளையும் பற்றி. அவ்வளவு தூரத்து எலி நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் கண்டம் பல கோடி ஆண்டுகள் தனித் தீவாக இருந்தது. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பனாமா நிலப்பாலம் அமைந்த பிறகுதான் வட அமெரிக்காவோடு சேர்ந்தது. அதற்கு வெகு காலம் முன்பே அங்கே எலி வகைகள் இருந்தன. பெரு நாட்டில், அமேசான் பகுதியிலுள்ள கொந்தமானா என்ற இடத்தில் கிடைத்த பற்கள் ஏறத்தாழ 4 கோடியே 10 லட்சம் ஆண்டு பழையவை. 2012இல்தான் அந்த முடிவு வெளியானது. ஆப்பிரிக்காவிலிருந்து, கடலில் மிதந்து வந்த மரம் செடி கொடிக் கூட்டத்தின் மேல் ஏறி வந்திருக்கும் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அந்த வம்சத்தில் வந்தவைதான் கினிப்பன்றி, கேப்பிபரா எல்லாம். உருகுவே நாட்டில் கிடைத்த ஜோசஃபோஆர்ட்டிகேசியா என்ற எலி வகையின் மண்டை ஓடு மட்டுமே 53 சென்டிமீட்டர் நீளம். 2008இல் அது ஒரு டன் எடை இருந்திருக்கும் என்றார்கள். பிறகு வந்த கணக்கில் அது பாதியாகக் குறைந்தது. பாதி என்றாலும் ஒரு எருமை மாடு அளவு.

இவ்வளவும் சொல்வது பெரும்பாலும் பல்தான். அவள் தீப்பெட்டியில் இருந்த தாடையை எடுத்துப் பாருங்கள். முன்னால் உளி மாதிரி ஒரு வெட்டுப்பல், பிறகு வெற்றிடம், அதன் பிறகு மூன்று கடைவாய்ப்பற்களுக்கான இடம். தென் அமெரிக்கக் குடும்பத்தில் அந்த இடத்தில் நான்கு பல் இருக்கும். எண்ணிப் பார்த்தாலே எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். பல் உயரமாக, தேயத் தேய வளர்வதாக இருந்தால் அது மண்ணும் தூசியும் கலந்த தீனி தின்றது என்று ஊகிக்கலாம். முழங்கையின் பின்பக்க எலும்பு நீண்டிருந்தால் அது தோண்டிய பிராணி.

வளையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வரப்பை வெட்டும்போது பழைய எலி வளை மண்ணால் மூடி, சுற்றியுள்ள மண்ணிலிருந்து வேறு நிறமாக வட்டமாகத் தெரியுமே, அதேதான். அர்ஜென்டினாவில் மார் தெல் பிளாட்டா நகருக்குத் தெற்கே சப்பட்மலால் என்ற கடலோரம் இருக்கிறது. அங்கே கடல் அரித்த மண் சுவரில் அப்படிப்பட்ட வட்டங்கள் தெரிகின்றன. 30, 40 லட்சம் ஆண்டுக்கு முந்தைய வளைகள். சிலவற்றுக்குள் ஆக்டெனோமிஸ் என்ற எலி, தான் தோண்டிய வளையிலேயே எலும்பாகக் கிடக்கிறது. அதன் உறவான டூக்கோ-டூக்கோ இன்றும் அந்த ஊர்களில் மண்ணுக்குள் இருந்தபடி தன் பெயர் போலவே ஓசை எழுப்பிக்கொண்டிருக்கிறது. 1832இல் டார்வின் மாண்டே எர்மோசோ கரையில் சேகரித்த எலும்புகளிலும் இந்தக் கூட்டத்து எலி ஒன்று இருந்தது.

உங்கள் மகளை இழுத்தது இன்னொரு பிராணி. நெக்ரோலெஸ்டெஸ் என்று பெயர். அர்ஜென்டினாவின் தெற்கே பட்டகோனியாவில், சாண்டா குரூஸ் பாறைகளில் கிடைத்தது. வயது ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் ஆண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும், மண்ணைத் துளைத்து வாழ்ந்த பிராணி. 1891இல் அர்ஜென்டினா ஆராய்ச்சியாளர் ஃப்ளோரென்டினோ அமெகினோ அதற்குப் பெயர் வைத்தார். அதன்பின் நூறு வருஷத்துக்கு மேல் அது யாருடைய உறவு என்று யாராலும் அறுதியாகச் சொல்ல முடியவில்லை. கங்காரு போன்ற பைப்பாலூட்டி என்றார்கள், ஆப்பிரிக்கத் தங்க அகழெலி என்றார்கள். 2012இல்தான் விடை வந்தது. டைனோசர் காலத்துப் பாலூட்டிக் கிளை ஒன்று அழிந்துபோய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். அந்தக் கிளை மண்ணுக்குள் பதுங்கி, டைனோசர்கள் போய்ப் பல கோடி ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்திருக்கிறது. அதற்குச் சாட்சி இந்தச் சின்ன உயிர். இதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அமெகினோ குடும்பத்தின் கதை உங்களுக்குப் பிடிக்கும். ஃப்ளோரென்டினோ பள்ளி ஆசிரியராக இருந்தவர், தானாகப் படித்து வந்தவர். லா பிளாட்டா நகரில் புத்தகக் கடை நடத்தினார். தம்பி கார்லோஸ் 1887 முதல் பட்டகோனியாவுக்குப் போய் எலும்பு சேகரித்தார்; பிற்பாடு அந்தப் பயணங்களுக்குக் கடை வருமானம்தான் கைகொடுத்தது. ஆசையும் சோறும் தனித்தனி வழியில் வந்தால்தான் இரண்டும் நிலைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் மகளுக்கு நான் சொல்லும் வழியும் அந்தக் கணக்கில்தான்.

அவள் பி.எஸ்சி. ஜியாலஜியில், அதாவது பாறையையும் மண் அடுக்கையும் படிக்கும் நிலவியலில், சேரட்டும். விண்ணப்பம் போடும்போது கவனம், ஜியாகிரபி வேறு, ஜியாலஜி வேறு. இரண்டையும் குழப்பி மாற்றிச் சேர்ந்துவிட்டு, இரண்டாம் வருஷம் என்னிடம் வந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி மூன்றிலும் ஜியாலஜி உண்டு. அரசுக் கல்லூரிக் கட்டணம் உங்களை ஒன்றும் செய்யாது. துணைப் பாடத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல் இவற்றில் கிடைப்பதை எடுக்கட்டும். பின்னால் ஐஐடிகளில் சேர ஜாம் தேர்வு எழுதும்போது அது உதவும்.

விலங்கியல் எடுத்தால் என்ன என்று அவள் கேட்டாள். அர்ஜென்டினாவில் பலர் உயிரியல் வழியாகத்தான் இந்தத் துறைக்கு வருகிறார்கள், அதனால் கேள்வி நியாயமானது. ஆனால் நம் நாட்டில் கதை வேறு. ஜியாலஜியில் எந்தப் படியில் நின்றாலும் ஒரு வேலைக் கதவு இருக்கிறது. எம்.எஸ்சி. முடித்தால் யூ.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதலாம். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 32. தேறினால் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் (ஜி.எஸ்.ஐ.) ஜியாலஜிஸ்ட். ஏழாவது ஊதியக் குழு கணக்கில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். அந்த நிறுவனத்திலேயே தொல்லுயிர்ப் பிரிவும் உண்டு. மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவி நிலவியலாளர் பணி இருக்கிறது. எண்ணெய் நிறுவனங்களும் ஜியாலஜி படித்தவர்களை எடுக்கின்றன; கேட் தேர்வு மதிப்பெண்ணை வைத்து எடுத்ததும் உண்டு. நீங்கள் கேட்ட ஆபீஸ் அங்கேயும் இருக்கிறது: எண்ணெய்க் கிணறு தோண்டும்போது வரும் மண்ணில் மைக்ரோஸ்கோப் வைத்து, மணல் அளவிலுள்ள பழங்காலக் கடலுயிர் ஓடுகளைப் பொறுக்கி, எந்தக் கால அடுக்கில் துளைத்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்வது ஒரு சம்பள வேலை. எலிப் பல்லைப் பொறுக்கப் பழகிய கண்ணுக்கும் கைக்கும் அது புதிதல்ல.

ஆராய்ச்சி என்றால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்க வேண்டும். இப்போது மாதம் 37,000 ரூபாய், கூடவே வீட்டு வாடகைப் படி. லக்னோவில் பீர்பல் சாஹ்னி நிறுவனம், டேராடூனில் வாடியா நிறுவனம், சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகம், இவை எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள். முனைவர் பட்டம் முடிய ஐந்து வருஷமாவது ஆகும். அதற்குப் பின் நிரந்தரப் பேராசிரியர் இடம் கிடைப்பது கடினம். இதை நான் மறைக்க மாட்டேன். அதனால்தான் எம்.எஸ்சி. முடியும் வருஷமே யூ.பி.எஸ்.சி., கேட், நெட் மூன்றையும் எழுதிவிடச் சொல்கிறேன். பாடத்திட்டம் பெரும்பகுதி ஒன்றுதான்.

தென் அமெரிக்கா எங்கே வரும்? கடைசியில் வரும். அர்ஜென்டினாவில் 2003இல் வந்த 25,743ஆம் எண் சட்டப்படி தொல்லெச்சங்கள் அந்த நாட்டின் பொதுச் சொத்து. இங்கே கொண்டுவந்து வைத்துப் படிக்க முடியாது. லா பிளாட்டா அருங்காட்சியகத்துக்கோ புவெனஸ் அயர்ஸுக்கோ போய், அங்கே உட்கார்ந்துதான் அளக்க வேண்டும். ஸ்பானிஷ் தெரியாமல் அங்கே குப்பை கொட்ட முடியாது. அமெகினோ எழுதியதில் நிறைய ஸ்பானிஷில்தான். ஆகவே கல்லூரியின் முதல் வருஷத்திலிருந்தே வாரம் மூன்று மணி நேரம் ஸ்பானிஷுக்கு ஒதுக்கட்டும். பி.எஸ்சி. காலத்தில் அவள் செய்யக்கூடிய மிக உருப்படியான முதலீடு அதுதான் என்பது என் கருத்து. நேரடியாக அர்ஜென்டினாவில் பட்டப்படிப்பு என்று யாராவது ஏஜென்ட் சொன்னால் பணம் கட்டாதீர்கள். முனைவர் பட்ட அளவில் பிரான்சின் மொன்பெலியே, அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் போன்ற பல்கலைக்கழகங்களில் தென் அமெரிக்க எச்சங்களில் வேலை நடந்திருக்கிறது. அந்தக் கட்டத்தில் உதவித்தொகையோடு போவதுதான் முறை. கடன் வாங்கிப் போகும் படிப்பு இல்லை இது.

அதுவரைக்கும் இங்கே அவளுக்கு வேலை இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. டைனோசர் காலத்தின் கடைசியில் கோண்டுவானாத்தீரியம் என்ற கூட்டம் வாழ்ந்தது. எலி இல்லை, ஆனால் எலி மாதிரியே பல். முதலில் பட்டகோனியாவில்தான் கிடைத்தது. 1997இல் பார்த்தால் இந்தியாவிலும் மடகாஸ்கரிலும் அதே கூட்டம். தெலங்கானாவில் நஸ்கல் என்ற ஊரில், தக்காணத்து எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையே சிக்கிய மண்ணைச் சலித்தபோது கிடைத்தது நம் நாட்டுப் பல். 2007இல் நம் நாட்டுப் பிராணிக்கு வைத்த பெயர் பாரத்தீரியம் போனபார்ட்டை. போனபார்ட்டே என்பவர் அர்ஜென்டினாவின் தொல்லுயிரியலாளர். பட்டகோனியாவுக்கும் தக்காணத்துக்கும் நடுவில் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் சில பற்கள்தான் பாலம். எம்.எஸ்சி. ஆய்வுக்கு அவள் இந்தப் பக்கமோ, சிவாலிக் மலை எலிப் பற்கள் பக்கமோ போனால், பிற்பாடு வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எழுதும்போது கையில் காட்ட ஒன்று இருக்கும்.

பெண் பிள்ளை மலைக்கும் பொட்டல் காட்டுக்கும் தனியாகப் போவதா என்று அம்மா கேட்டார்கள். களப்பணிக்கு யாரும் தனியாகப் போவதில்லை, குழுவாகத்தான் போவார்கள். வருஷத்தில் சில வாரங்கள்தான் அது. மீதி நேரம் முழுக்க மூட்டை மூட்டையாக மண்ணைத் தண்ணீரில் அலசி, அரை மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, காயவைத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழே தூரிகை முனையால் ஒவ்வொரு மணலாகத் தள்ளிப் பார்க்கும் வேலை. நாள் முழுக்கப் பார்த்தும் ஒரு பல்கூடக் கிடைக்காமல் போகலாம். இந்த அலுப்பைத் தாங்குவாளா என்பதுதான் எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டிய விஷயம். வேலைவாய்ப்பைப் பற்றிய கவலை எனக்கு அதற்குப் பின்னால்தான்.

அதைச் சேருவதற்கு முன்பே பார்த்துவிடலாம். அந்தத் தாடையில் நடுக் கடைவாய்ப்பல் இல்லை, குழி மட்டும் இருந்தது. அந்தப் பல் கொட்டகை மண்ணில்தான் எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். விட்டத்துக்குக் கீழேயுள்ள மண்ணை ஒரு வாளி அள்ளி, முதலில் மாவு சல்லடையிலும் பிறகு அதைவிடப் பொடிக் கண் உள்ள வலையிலும் அலசச் சொல்லுங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், கூகை எச்சம் இருக்கும் இடம் அது. சித்திரை முடியும்வரை நேரம் கொடுங்கள், நீங்கள் கூடப் போய் உதவி செய்யாதீர்கள். பல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், எத்தனை வாளி அலசினாள், எந்தெந்த நாள், என்னென்ன வந்தது என்று எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். கல்லூரி விண்ணப்பத்தை அந்த நோட்டைப் பார்த்துவிட்டுச் சேர்ந்தே நிரப்புவோம்.