ஆக் லேப்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லெஸ்டரில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் ஆங்கிலேயர் ஒருவர் தன் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். நார்ஃபோக் பக்கம் கிராமத்துக் கூலிக் குடும்பம். 1841க்கு முன்னால் வெறும் பெயர்கள்தான் கிடைக்கின்றன என்று அலுத்துக்கொள்கிறார். நிலமில்லை, உயிலில்லை. ஏழையின் கதை அவ்வளவுதானா?

ம.

அன்புள்ள ம.,

அவர் அலுப்பு புரிகிறது. 1841 மக்கள்தொகைக் கணக்கைத் திறந்தால் பாதி ஊர் 'ஆக் லேப்', அதாவது வயல் கூலி. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் ஏட்டில் 30. பிறந்த ஊரின் பெயர் 1851 கணக்கில்தான் வருகிறது. நானாக இருந்தால் அங்கிருந்து பின்னோக்கி நடப்பேன்.

1538 முதல் தேவாலயப் பதிவேடுகள் உண்டு, எல்லா ஊரிலும் தப்பிப் பிழைக்கவில்லை. 1754 முதல் மணமக்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எழுதத் தெரியாதவர் ஒரு பெருக்கல் குறி போடுவார், சுற்றிலும் பெயரையும் 'இவரது குறி' என்பதையும் வேறொருவர் எழுதிவைப்பார். பல குடும்பங்களில் முப்பாட்டனின் கைபட்டது என்று மிஞ்சியிருப்பது அந்த இரண்டு கோடுகள்தான்.

ஆனால் நண்பர் அவசியம் பார்க்க வேண்டியது ஏழை நிவாரணத் தாள்களை. அப்போது ஏழைகளைப் பார்த்துக்கொள்வது அந்தந்த ஊரின் செலவு. 1662 சட்டப்படி, வெளியூர்க்காரன் நம் ஊருக்குச் செலவு வைப்பான் என்று தோன்றினால் அவனைச் சொந்த ஊருக்கே அனுப்பிவிடலாம். அதற்கு முன் இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் விசாரிப்பார்கள்: எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய், என்ன சம்பளம், எப்போது கல்யாணம்? பதிலெல்லாம் எழுத்தில் ஏறும். எழுதப் படிக்கத் தெரியாதவனின் சுயசரிதை, ஒரே பக்கத்தில். தன் ஊரில் கௌரவமாகக் கஞ்சி குடித்துக் கிடந்தவனுக்கு இது கிடையாது, பாருங்கள்! கல்யாணமாகாத தாயையும் இப்படித்தான் விசாரித்தார்கள். ஞானஸ்நான ஏட்டில் விடுபட்ட தகப்பன் பெயர் சில சமயம் இங்கே அகப்படும்.

கல்யாணமாகாத ஆள் ஒரு வருஷம் முழுக்கப் பண்ணையில் இருந்தால் அந்த ஊரில் நிவாரணம் பெறும் உரிமை வந்துவிடும். அதைத் தடுக்க 51 வாரத்துக்கு மட்டும் ஆள் பிடித்த பண்ணைக்காரர்கள் இருந்தார்கள். கில்லாடிகள். 1834இல் இப்படி உரிமை பெறும் வழி அடைபட்டது.

நார்விச்சில் இருக்கும் நார்ஃபோக் ஆவணக் காப்பகத்தில் நண்பர் தன் ஊரின் பழைய தாள்கள் உள்ள பெட்டியோடு பக்கத்து ஊர்களின் பெட்டிகளையும் கேட்கட்டும். வெளியேற்ற உத்தரவு அனுப்பிய ஊரிலும் இருக்கும், வாங்கிக்கொண்ட ஊரிலும் இருக்கும். ஒன்று செல்லரித்துப் போயிருந்தாலும் மற்றது கிடைக்கலாம்.